மழை வந்தால் இணையம் போகிறதா? கோபுரத்துத் தட்டு எங்கே பார்க்கிறது?

பிற்பகல் 3 மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வரும். 4 மணிக்கு மழை கொட்டும். அதே நேரத்தில் தோட்டப்புறப் பள்ளியிலும் பக்கத்துக் கிளினிக்கிலும் இணையம் படுத்துவிடும். மழை விட்ட அரை மணி நேரத்தில் தானாக எழுந்துகொள்ளும். கேட்டால், "மழைக்கு இப்படித்தான்" என்று பதில் வரும். கேட்டுக் கேட்டு மக்களும் பழகிவிட்டார்கள்.

மலேசிய மழை நுண்ணலைத் தொடர்பைப் பாதிக்கும் என்பது உண்மைதான். ஆனால், ஒழுங்காக அமைக்கப்பட்ட ஒரு தொடர்பு எல்லா மழைக்கும் விழக்கூடாது. அப்படி விழுந்தால், மழையைக் குறை சொல்வதற்கு முன் கோபுரத்தின் மேலே இருக்கும் தட்டைச் சந்தேகப்பட வேண்டும். பொருத்திய நாளிலிருந்தே அது மூன்று, நான்கு டிகிரி தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வெயில் நாளில் அது யாருக்கும் தெரியாது. எல்லாம் நன்றாகவே ஓடும்.

கைத்தொலைபேசிக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். நீளமான செவ்வகப் பெட்டிகள் சில இருக்கும். அவை நம் கைத்தொலைபேசியோடு பேசுபவை. அவற்றுக்குக் கீழோ மேலோ, மேளத்தைப் பக்கவாட்டில் மாட்டி வைத்ததுபோல் வட்டமான வெள்ளைத் தட்டுகள் சில இருக்கும். அவைதான் நுண்ணலை ஆன்டெனாக்கள். அந்தக் கோபுரத்தில் சேரும் அழைப்புகளையும் இணையத் தரவையும் அடுத்த கோபுரத்துக்குக் கடத்துவது அவற்றின் வேலை. கண்ணாடி இழைக் கம்பிவடம் போய்ச் சேர்ந்த இடத்தில் இந்தத் தட்டுக்கு அவசியமில்லை. சிங்கப்பூர் போன்ற சிறிய, நெருக்கமான நகரில் நிலத்தடிக் கம்பிவடமே பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகிறது. மலையும் காடும் செம்பனைத் தோட்டமுமாக விரிந்து கிடக்கும் இடங்களில் கதை வேறு. ஈப்போ அருகே கிளேடாங் மலையிலும், கெடாவில் குனோங் ஜெராயிலும், ஜொகூரில் குனோங் லேடாங்கிலும் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்பது காட்சி அழகுக்காக அல்ல. உயரத்திலிருந்து பார்த்தால்தான் எதிர்க் கோபுரம் தடையில்லாமல் தெரியும்.

அலை பரவும் விதம்

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மலையில் ஒரு கோபுரம். 8 கிலோமீட்டர் தள்ளி, அதைவிட 500 மீட்டர் தாழ்வான தோட்டப்புறத்தில் இன்னொன்று. இரண்டிலும் 60 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டு. அலைவரிசை 15 கிகாஹெர்ட்ஸ். இப்படிப்பட்ட கருவி அனுப்பும் சக்தி ஏறக்குறைய 0.1 வாட். கையில் வைத்திருக்கும் 4ஜி தொலைபேசி உச்சத்தில் அனுப்புவதே 0.2 வாட் வரை போகும். அவ்வளவு குறைந்த சக்தி 8 கிலோமீட்டர் தாண்டி எப்படிப் போகிறது? தட்டு அதை எல்லாப் பக்கமும் சிதறவிடாமல் ஒரே பக்கம் குவித்து அனுப்புகிறது. அதனால்தான் போகிறது.

குவிப்பு என்றால் எவ்வளவு? இந்த அளவுத் தட்டில் அலைக்கற்றையின் அகலம் சுமார் 2.3 டிகிரி. 8 கிலோமீட்டர் தள்ளி அது 320 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். அதன் நடுவில் எதிர்க் கோபுரம் இருக்க வேண்டும். தட்டு ஒரு டிகிரி திரும்பினால் அங்கே குறி 140 மீட்டர் தள்ளிப்போகும். ஸ்பேனரை ஒரு முறை கொஞ்சம் வேகமாகத் திருப்பினாலே இது நடந்துவிடும்.

இனி வருவதுதான் முக்கியமான விஷயம். இரவில் ஒரு டார்ச் விளக்கைச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் பளிச்சென்று ஒரு வட்டம். அதைச் சுற்றி மங்கலான ஒரு வளையம். இரண்டுக்கும் இடையே கொஞ்சம் இருட்டு. ஆன்டெனாவின் அலையும் ஏறக்குறைய இப்படித்தான் விழுகிறது. நடுக்கற்றையைச் சுற்றி, மூன்று நான்கு டிகிரி தள்ளி, பலவீனமான வளையம் ஒன்று இருக்கிறது. அதைப் பக்கக் கற்றை என்பார்கள். அதன் பலம் நடுக்கற்றையைவிடச் சுமார் 20 டெசிபல் குறைவு.

டெசிபல் என்றதும் மிரள வேண்டாம். 3 டெசிபல் குறைந்தால் பலம் பாதியாகிறது. 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 டெசிபல் குறைந்தால் நூறில் ஒரு பங்கு. கணக்குப்போட இது வசதி. பெருக்கல் எல்லாம் கூட்டலாகவும் வகுத்தல் எல்லாம் கழித்தலாகவும் மாறிவிடும்.

நம் தொடர்புக்கே அந்தக் கூட்டல் கழித்தலைச் செய்து பார்க்கலாம். அனுப்பும் சக்தி 20. இந்தப் பக்கத் தட்டு குவித்துக் கொடுப்பது 36. அந்தப் பக்கத் தட்டு 36. எட்டு கிலோமீட்டர் வெட்டவெளியில் இழப்பது 134. ஆக, எதிர் முனையில் வந்து சேர வேண்டியது -42 டிபிஎம். கழித்தல் குறி இருப்பதால், எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கப் பலம் கூடுகிறது என்று பொருள். -42 என்பது ஒரு வாட்டின் ஒன்றரைக் கோடியில் ஒரு பங்குதான். ஆனாலும் கருவிக்கு அது தாராளம். -80ஐத் தாண்டிய பிறகும், வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேசக்கூடிய கருவிகள் இருக்கின்றன.

இந்த -42 என்ற எண்ணைக் கோபுரத்தில் ஏறுவதற்கு முன்பே கையில் வைத்திருக்க வேண்டும். தட்டைத் திருப்பும் வேலையில் பாதி இதுதான். இந்த எண் கையில் இல்லாமல் மேலே ஏறுபவர், வீட்டு எண் தெரியாமல் தாமானில் வீடு தேடுபவரைப் போன்றவர். ஏதோ ஒரு கதவு திறக்கும். அது தேடி வந்த வீடா என்பது தெரியாது.

பொய் உச்சி

தோட்டப்புறக் கோபுரத்தில் ஒருவர் ஏறியிருக்கிறார். தட்டை நீர்மட்டம் வைத்து நேராக நிறுத்துகிறார். பெரும்பாலான இடங்களில் அது சரி. இரண்டு கோபுரங்களின் உயர வித்தியாசம் 40 மீட்டர் என்றால், 8 கிலோமீட்டருக்கு அது 0.3 டிகிரிகூட வராது. ஆனால், இங்கே எதிர்க் கோபுரம் 500 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தட்டு 3.6 டிகிரி மேல்நோக்க வேண்டும். நேராக நிறுத்தப்பட்ட தட்டின் நடுக்கற்றை, மலையின் கீழ்ப்பகுதியில் எங்கேயோ போய் மோதிக்கொண்டிருக்கிறது. எதிர்க் கோபுரத்தைத் தொடுவது அந்த மங்கலான வளையம் மட்டுமே.

அவர் தட்டை மெல்ல இடமிருந்து வலமாகத் திருப்புகிறார். எண் ஏறுகிறது. -70, -66, -62. பிறகு இறங்குகிறது. திரும்பவும் கொண்டு வந்து -62இல் நிறுத்துகிறார். மேலும் கீழும் அரை டிகிரி அசைத்துப் பார்க்கிறார். எந்தப் பக்கம் அசைத்தாலும் குறைகிறது. உச்சி கிடைத்துவிட்டது என்று முடிவு செய்து போல்ட்டுகளை இறுக்கிவிட்டு இறங்குகிறார். கருவியில் பச்சை விளக்கு எரிகிறது. இணையம் வேகமாக ஓடுகிறது. வேலை முடிந்தது என்று கையெழுத்தும் ஆகிவிடுகிறது.

அவரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவர் கண்டது ஓர் உச்சிதான். ஆனால், அது வளையத்தின் உச்சி. மலை ஏறியவர் ஒரு மேட்டில் நின்று, சுற்றிலும் சரிவு தெரிகிறதே என்று அதையே சிகரம் என நினைத்தது போல. உண்மையான சிகரம் இன்னும் 20 டெசிபல் மேலே இருக்கிறது.

வெயிலில் -62க்கும் -42க்கும் பயனீட்டாளருக்கு வித்தியாசமே தெரியாது. மழையில்தான் தெரியும். அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கம் வகுத்த பழைய மழை மண்டல வரைபடத்தில் மலேசியா "பி" மண்டலத்தில் இருக்கிறது. ஓர் ஆண்டில் 0.01 விழுக்காட்டு நேரம், அதாவது சுமார் 53 நிமிடங்களுக்கு, மணிக்கு 145 மில்லிமீட்டரைத் தாண்டும் வேகத்தில் மழை பொழியும் மண்டலம் அது. அப்படிப்பட்ட மழையில் 15 கிகாஹெர்ட்ஸ் அலை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 9 முதல் 12 டெசிபல் வரை இழக்கிறது. 8 கிலோமீட்டர் பாதையில் 2 கிலோமீட்டருக்கு மட்டும் அந்தக் கனமழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 20 டெசிபல் போய்விடும். சரியாகத் திருப்பப்பட்ட தட்டில் -42 என்பது -62 ஆகும். யாருக்கும் எதுவும் தெரியாது. வளையத்தில் நிற்கும் தட்டில் -62 என்பது -82 ஆகும். கருவி மூச்சுத் திணறும். மழை இன்னும் ஒரு கிலோமீட்டர் விரிந்தால் தொடர்பே போய்விடும்.

மழை பெய்தால் அஸ்ட்ரோ படம் உறைந்துபோவதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். காரணம் ஒன்றுதான். ஆனால், அஸ்ட்ரோவின் மியாசாட் துணைக்கோளம் ஏறக்குறைய தலைக்கு மேலே இருப்பதால், அதன் அலை மழையைச் செங்குத்தாகத் துளைத்துக்கொண்டு சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. கோபுரத்துக்குக் கோபுரம் போகும் அலை மழைக்குள்ளேயே கிலோமீட்டர் கணக்கில் படுத்துப் பயணம் செய்கிறது. பாடு அதிகம்.

இதில் சுவையான சங்கதி ஒன்றுண்டு. பெரிய மழைத்துளி படங்களில் வரைவது போன்ற கண்ணீர்த்துளி வடிவத்தில் இருப்பதில்லை. காற்று கீழிருந்து தள்ளுவதால் இட்லிபோல் அடி தட்டையாகிவிடுகிறது. அதனால் கிடைவாட்டில் அதிரும் அலையை அது கூடுதலாகத் தடுக்கிறது. நெடுக்குவாட்டில் அதிரும் அலை கொஞ்சம் தப்பிக்கிறது. மேலே சொன்ன 12 டெசிபல் கிடை அலைக்கு, 9 டெசிபல் நெடுக்கு அலைக்கு. நம் நாட்டில் நீண்ட பாதைகளுக்கு நெடுக்கு அலையை விரும்புவது இதனால்தான். ஆனால், இரு முனையிலும் ஒரே வகை இருக்க வேண்டும். ஒருவர் நெடுக்காகவும் மற்றவர் கிடையாகவும் பொருத்திவிட்டால், திசை எவ்வளவு சரியாக இருந்தாலும் 25, 30 டெசிபல் காணாமல் போகும். திசைதான் தவறு என்று நினைத்து மணிக்கணக்கில் தட்டைத் திருப்பிக்கொண்டிருப்பவர்கள் இதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

"கிரி சிகிட்… தாஹான்!"

முறையாகச் செய்யும்போது வேலை இப்படிப் போகும். முதலில் தரையில் திசையைக் குறிப்பார்கள். திசைகாட்டியைக் கோபுரத்தின் மேல் வைத்துப் பார்த்தால் இரும்பு அதை ஏமாற்றிவிடும். தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் ஒரு வசதி, காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்றே. மற்ற பல நாடுகளில் பல டிகிரி கூட்டிக் கழிக்க வேண்டியிருக்கும். வரைபடத்தில் நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டில் வரும் பாமாயில் ஆலையின் புகைக்கூண்டையோ கோயில் கோபுரத்தையோ அடையாளமாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு. எதிர்க் கோபுரத்தில் இருப்பவர் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் காட்டுவது பழைய உத்தி. இன்றைக்கும் அது வேலை செய்கிறது.

மேலே ஏறியதும், சக்தியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டைக் கருவியில் நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தட்டு விலகும்போது எதிர்முனை சக்தியைக் கூட்டி ஈடுகட்டும். மீட்டரில் பார்க்கும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. பலத்தை மல்டிமீட்டரில் மின்னழுத்தமாகப் பார்க்கும் கருவிகளும் இருக்கின்றன. அவற்றில் சில, பலம் கூடினால் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். சில குறைத்துக் காட்டும். கையேட்டைப் பார்க்காமல் தொடங்கினால் பலம் குறைந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் பூட்டிவிடும் அபாயம் உண்டு.

ஒரு நேரத்தில் ஒரு முனை மட்டுமே அசைய வேண்டும். இருவரும் சேர்ந்து திருப்பினால் யாருடைய கை எண்ணை ஏற்றியது, யாருடையது இறக்கியது என்று புரியாது. எனவே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு எண்ணை மட்டும் வாசிப்பார். வாக்கி டாக்கியில் "கிரி சிகிட் லாகி" என்று குரல் வரும். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். பிறகு "தாஹான்!", அப்படியே நிறுத்து. மலாய்க்காரரும் தமிழரும் ஆளுக்கொரு கோபுரத்தில் தொங்கிக்கொண்டு இந்த நாலைந்து சொற்களிலேயே ஒரு பிற்பகலை ஓட்டிவிடுவார்கள்.

முதல் முறை துடைப்பது அகலமாக இருக்க வேண்டும். அரை டிகிரி அல்ல, இரு பக்கமும் ஐந்தாறு டிகிரி. சாய்வு சரியாக இருந்தால், தட்டை இடமிருந்து வலம் முழுக்கத் திருப்பும்போது மூன்று உச்சிகள் தெரியும். சிறியது, பெரியது, சிறியது. நடுவில் இருப்பதுதான் வேண்டியது. உயரம் ஒத்த இரண்டு உச்சிகளும் நடுவில் ஒரு பள்ளமும் தெரிந்தால், தட்டு வளையத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. சாய்வு தவறு. ஒரே ஓர் உச்சிதான் தெரிகிறது, ஆனால் எண் கணக்கைவிட 20 குறைவு என்றால், வளையத்தின் விளிம்பில் நிற்கிறது. இதிலும் சாய்வுதான் தவறு. நம் தோட்டப்புறக் கோபுரத்தில் நடந்தது இதுவே. அந்த இடத்தில் இடவலமாக எத்தனை முறை திருப்பினாலும் பயனில்லை. தட்டைத் துணிந்து மேலே தூக்க வேண்டும். தூக்கத் தொடங்கியதும் எண் முதலில் இறங்கும், ஏறக்குறைய இல்லாமலே போகும். பயந்து நிறுத்திவிடக்கூடாது. அது நடுக்கற்றைக்கும் வளையத்துக்கும் இடைப்பட்ட இருட்டு. அதைத் தாண்டினால்தான் -42 இருக்கிறது.

நடுக்கற்றை கிடைத்த பிறகு அதன் நுனியைப் பிடிப்பது இன்னொரு நுணுக்கம். உச்சி சப்பையாக இருக்கும். அங்கே கொஞ்சம் அசைத்தாலும் எண் மாறாது. அதனால் ஒரு பக்கம் 3 டெசிபல் குறையும்வரை திருப்பி, மறுபக்கமும் 3 டெசிபல் குறையும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதியில் கொண்டு வந்து நிறுத்துவார்கள். பக்கவாட்டுக்கு ஒரு முறை, சாய்வுக்கு ஒரு முறை. பிறகு எதிர்முனையில் இதே வேலை. கடைசியாக போல்ட்டு இறுக்கும்போதும் கண் மீட்டரில் இருக்க வேண்டும். ஒரே பக்கத்தை ஒரேயடியாக இறுக்கினால், அரும்பாடுபட்டுப் பிடித்த உச்சி கையை விட்டுப் போய்விடும்.

முடிவில் இரு முனையிலும் வரும் எண் கணக்கிட்ட எண்ணிலிருந்து இரண்டு, மூன்று டெசிபலுக்குள் இருக்க வேண்டும். இரு முனையும் ஒரே சக்தியில் அனுப்பினால் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால் கோளாறு திசையில் இல்லை, கருவியில் அல்லது இணைப்பில் இருக்கிறது.

இந்த வேலைக்குக் காலை நேரமே ஏற்றது. மின்னல் அடிக்கடி விழும் நாடு இது. தொலைவில் இடி கேட்டாலே ஸ்பேனரை வைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். பிடித்த உச்சியை விட்டுவிட்டு இறங்க மனம் வராமல் மேலேயே நிற்பதுதான் ஆபத்து.

பொறுப்பாளர்கள் கேட்க வேண்டியது

பள்ளி வாரியமோ, கோயில் நிர்வாகமோ, சிறு வணிகரோ 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் சிறு கருவிகளை வைத்து இரண்டு கட்டடங்களை இணைத்துக்கொள்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. அவற்றை மழை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனால், திசைக் கணக்கு அதேதான். பெட்டியின் பின்புறம் நான்கு விளக்குகள் எரிந்தால் "போதும்" என்றுதான் பொருள். அதுவே உச்சி என்று பொருளல்ல. எனவே குத்தகையாளரிடம் இரண்டு எண்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். கணக்குப்படி வர வேண்டியது எவ்வளவு? இரு முனையிலும் உண்மையில் வந்தது எவ்வளவு? இதற்குப் பதில் சொல்லத் தயங்குபவர், விளக்கை மட்டும் பார்த்துவிட்டு இறங்கியவராக இருக்கலாம்.

அந்த எண்களைக் கருவிப் பெட்டியின் கதவுக்கு உள்ளே ஒட்டிவைப்பது இன்னும் நல்லது. ஏனென்றால் தட்டு நகராமலே எண் சரியும். அலை ஒரு நூல்போலப் போவதில்லை. 8 கிலோமீட்டர் பாதையின் நடுவில், 15 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுற்றிலும் சுமார் 4 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். செம்பனை ஆண்டுக்கு ஏறக்குறைய அரை மீட்டர் வளர்கிறது. கோபுரம் எழுப்பிய ஆண்டில் தாழ்வாக இருந்த கன்றுகள், பத்து ஆண்டுகளில் அலையின் வயிற்றைத் தொடும். அன்றைக்கு -42 என்று எழுதி வைத்திருந்தால்தான் இன்றைய -50 ஒரு சேதியாகத் தெரியும். படிப்படியாகச் சரிந்திருந்தால் மரமாக இருக்கலாம். ஒரே நாளில் சரிந்திருந்தால், முந்தின இரவின் பலத்த காற்று தட்டை அசைத்திருக்கலாம், அல்லது இணைப்பில் தண்ணீர் புகுந்திருக்கலாம்.

பொது இணையச் சேவையில் இந்தச் சிக்கல் என்றால், முதலில் சேவை வழங்கும் நிறுவனத்திடமும், தீராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் புகார்த் தளத்திலும் முறையிடலாம். "அடிக்கடி போகிறது" என்று மட்டும் எழுதினால் பெரிதாக எதுவும் நடக்காது. தேதி, தொடர்பு போன நேரம், திரும்பிய நேரம், அப்போது மழை தூறலா கனமழையா என்று இரண்டு வாரத்துக்குக் குறித்துக் கொடுங்கள். கனமழைக்கு மட்டும் போகும் தொடர்பையும் தூறலுக்கே போகும் தொடர்பையும் அந்தத் தாளைப் பார்த்தே பொறியாளரால் பிரித்துச் சொல்ல முடியும். தூறலுக்கே போகிறது என்றால், யாராவது ஒருவர் மறுபடியும் ஸ்பேனரோடு மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.